மூன்று புள்ளிகளுக்குப் பின்னால்

ஜூன் 9, திங்கள்

எங்கள் பள்ளித் தாளாளர் தனுஷ்கோடி ஒரு திருடர். பத்தொன்பது ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைத் தன் அறையில் இருக்கும் பச்சை பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறார். வேலையில் சேரும் அன்றைக்கே வாங்கிக்கொள்வார். "இங்க இருந்தா பத்திரம்மா, வீட்ல எலி கடிக்கும்" என்பார். நடுவில் யாரும் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். எல்லாத் தனியார் பள்ளியிலும் இப்படித்தான் என்கிறார்கள். எல்லாரும் செய்தால் திருட்டுக்கு வேறு பெயர் வந்துவிடுமா?

இன்று எனக்குக் கடிதம் வந்தது. அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் தேர்வில் தேறிவிட்டேன். ஜூன் 27, வெள்ளிக்கிழமை, மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாதவர்களை உள்ளேயே விடமாட்டார்கள். இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கடிதத்தைத் தாளாளரிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே படித்தார்.

"நல்ல விஷயம். மார்ச்சு முடிச்சிட்டுப் போ."

"இந்த மாசம் 27 ஐயா."

"ஸ்கூல் தொறந்ததுமே விட்டுட்டுப் போனா பிள்ளைக படிப்பு என்னாகுறது? மனசாட்சி வேணும்ல."

மனசாட்சியைப் பற்றிப் பேசும்போது அவர் விரல் பீரோ சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இதை எழுதுவது பள்ளி இலவசமாகக் கொடுத்த டைரியில். முதல் பக்கத்தில் அவர் படம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று ஒரு ஸ்டிக்கர். டைரி அச்சாகி வந்த பிறகுதான் அவர் டாக்டர் ஆனார். அதனால் ஆறு பேர் உட்கார்ந்து ஒட்டினோம். மே மாதம், பக்கத்து ஊர்ப் பள்ளித் தாளாளர், இவருடைய நண்பர், பெயரில் ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறது, எனக்குக் கிடைத்துவிட்டது, நீயும் வாங்கிக்கொள் என்று. விண்ணப்பத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டார். கடைசியில் அது மெயிலின் பாஸ்வேர்டைக் கேட்டது. "போடாதீங்க ஐயா, உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்றேன். "அவனுக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கக் கூடாதா? நீ வெளிய போ" என்றார். மூன்றாம் நாள் பட்டம் மெயிலில் வந்தது. கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்தது நான்தான்.

டீ வந்தது. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். கம்ப்யூட்டர் பக்கத்தில் சிந்திவிடக் கூடாது என்பதால் என்று ஆபீஸ் ரைட்டர் வேலாயுதம் அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார். பேப்பர் கப்தான் சீக்கிரம் கவிழும். அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

லேப்பில் பதினான்கு கணினி, ஓடுவது ஒன்பது. நான்காவது கீபோர்டுக்குள் எறும்பு குடியிருக்கிறது. வேலாயுதம் அண்ணனிடம் சான்றிதழ் பற்றிக் கேட்டேன். "சாவி அவரு இடுப்புலம்மா இருக்கு. பீரோவத் தொடைக்கிறது மட்டுந்தான் நான்" என்றார்.

ஜூன் 11, புதன்

என் பெயரில் ஊருக்கே அசிங்கமான மெயில் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை.

போன வருடம் தாளாளர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, இனி சுற்றறிக்கை எல்லாம் மெயிலில்தான் என்று சொல்லிவிட்டார். பாதிப் பெற்றோருக்கு மெயிலே கிடையாது. நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து முந்நூறு பேருக்கு நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். 'ஸ்கூல் பேரு பாத்தா ஒடனே தெறங்க' என்று பழக்கியதும் நான்தான்.

இன்று காலை எல்லார் போனிலும் ஒரு மெயில். 'உங்கள் பிள்ளையின் போட்டோ' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. தொட்டால் அரைகுறை உடையில் பெண்கள், ஆண்களுக்கான மாத்திரை விளம்பரம்.

எட்டாம் வகுப்பு பி பிரிவில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா, முத்துராக்கு, லாரிப் பட்டறை வைத்திருப்பவர், முதல் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யாரு?"

'நம்ம ஸ்கூல் மாரிச்செல்வி கம்ப்...' என்று இருந்தது. மீதி இடம் இல்லாமல் மூன்று புள்ளி.

"சார், யாரோ என் பேரப் போட்டு அனுப்பியிருக்காங்க. பேரத் தொட்டுப் பாருங்க, கீழ அட்ரஸ் வேற இருக்கும்."

"நான் எதுக்குத் தொடணும்? ஒண்ணத் தொட்டுத்தான் இந்தக் கண்றாவியெல்லாம் வந்துச்சு."

தாளாளர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். பிரின்ஸ்பல் ரெஜினா மேடம் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம் பேருல வந்திருக்கு" என்றார் தாளாளர். "ஊருல ஆயிரம் பேரு இருக்கும்போது எவனோ எதுக்கு ஒம் பேரப் போடணும்?"

"அட்ரஸப் பாருங்க ஐயா."

"அட்ரஸு எனக்குத் தெரியும். எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்காத." வேலாயுதம் அண்ணன் பக்கம் திரும்பினார். "லேப் சாவிய வாங்கு." பிறகு என்னிடம், தன்மையாக: "21ஆம் தேதி சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுவரைக்கும் ஸ்கூலுக்கு வர வேணாம். அங்க வந்து, தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்லு. எழுத்துலயும் குடு. அன்னிக்கே ஒரிஜினல வாங்கிட்டுப் போ. நீ கேட்டதும் அதானம்மா?"

எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் இருந்த இடத்தில் அந்தத் தாள் போய் உட்காரும். நாளைக்கு அரசு வேலையில் நான் சேர்ந்தாலும், அதை ஒரு தபால்தலை ஒட்டி மேலிடத்துக்கு அனுப்பினால் போதும். எழுதிக் கொடுக்காவிட்டால் 27 போச்சு. அவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

ஜூன் 12, வியாழன்

அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரும்போதே செய்தியோடு வந்தாள். பெட்டி அடுக்குகிற ஒருத்தியின் மகள் எங்கள் பள்ளி. எனக்குச் சோற்றை அதிகமாக வைத்தாள்.

அப்பாதான் கேட்டார். அவர் கொத்தனார்.

"மெயிலுன்னா என்னத்தா?"

"கடுதாசி மாதிரிப்பா. போன்ல வரும்."

"எவனோ ஒருத்தன் ஒம் பேர எழுதிப் போட்டுட்டானாக்கும். கையெழுத்த வச்சுக் கண்டுபிடிச்சிறலாம்ல?"

"அதுல கையெழுத்து கிடையாதுப்பா."

"கையெழுத்து இல்லாத கடுதாசிய எதுக்கு நம்புறாய்ங்க?"

மூன்று வருடம் கணினி படித்தேன், இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. "அந்த ஆளு ரூமுக்குச் செவுரு பூசுனது நாந்தான்" என்று சொல்லிவிட்டு அப்பா பீடியோடு வெளியே போய்விட்டார்.

ஜெராக்ஸ் கடையில் நான்கு வெள்ளைத்தாள் வாங்கினேன். மூன்று வீணாகிவிட்டது. ஒன்று இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

தமிழாசிரியை சண்முகத்தாய் டீச்சர் மதியம் போன் செய்தார். ஐம்பது வயது, குரலில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும்.

"ஏ செல்வி, சாப்ட்டியா? கேளு. எனக்கு நம்ம பி.டி. பீட்டர் சார் பேருல அதே மெயில் வந்திருக்குடி. அவருக்கு எம் பேருல போயிருக்கு. நான் அந்த மனுசனுக்கு மாத்திர விக்கிறேனாம்! ஸ்டாஃப் ரூமே சிரிக்குது."

"அவரு பேருல பேரன்ட்ஸுக்கும் போயிருக்கா டீச்சர்?"

"போயிருக்கு. ஜோதிலட்சுமி பேருல, ஹிந்தி மிஸ் பேருல, எல்லார் பேருலயும்."

"அவங்க யாரையாச்சும் ரூமுக்குக் கூப்பிட்டாங்களா?"

டீச்சர் ஸ்டாஃப் ரூமை விட்டு வெளியே வந்தது சத்தத்தில் தெரிந்தது. பிறகு, "இல்ல" என்றார்.

பத்தொன்பது பேர் பெயரில் மெயில் போயிருக்கிறது. போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது என் பெயருக்கு மட்டும். பீட்டர் சார் என்றால் வைரஸ். மாரிச்செல்வி என்றால் மாரிச்செல்வி.

ஜூன் 14, சனி

சண்முகத்தாய் டீச்சரோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அவருடைய மெயிலைப் பெரிய திரையில் திறந்தோம். முகவரிகளைப் பார்க்கத்தான் போனோம். முகவரி எல்லாம் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும். எங்கள் யாருடையதும் இல்லை. அதுவே போதும் என்று நினைத்தேன்.

ஆனால் பெரிய திரையில் பெயர்களும் முழுதாகத் தெரிந்தன. போனில் மூன்று புள்ளி இருந்த இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தைகள்.

'நம்ம ஸ்கூல் பீட்டர் விளையாட்டு தண்ணி.'

'நம்ம ஸ்கூல் ஜோதிலட்சுமி சயின்ஸ் ஓடிவந்தவ.'

'நம்ம ஸ்கூல் ரெஜினா பிரின்ஸ்பல் தலையாட்டி.'

அதற்குக் கீழே என்னுடையது. அதை இங்கே எழுதப் போவதில்லை. சின்ன வார்த்தைதான். பஸ்ஸில் கண்டக்டர் கூடச் சொல்லும் வார்த்தை.

சண்முகத்தாய் டீச்சர் என் கையிலிருந்து மௌஸை வாங்கித் திரையைக் கீழே தள்ளினார். அவர் பெயரைத் தேடினோம். அது அவருக்கு வந்திருக்காதே, பீட்டர் சாருக்கல்லவா போயிருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. "என்ன போட்டிருக்கும்னு தெரியும், வா" என்று எழுந்துவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். ஐடி கார்டு கயிற்றையும் துவைத்தேன். கண் எரிச்சலுக்கு சோப்புத்தூள்தான் காரணம்.

ஜூன் 16, திங்கள்

இன்று மூளை வேலை செய்தது.

வெளிநாட்டில் உட்கார்ந்து மாத்திரை விற்கும் திருடனுக்கு, ஜோதிலட்சுமி டீச்சர் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவர் என்று எப்படித் தெரியும்? தெரியாது. அவன் ஒருவருடைய மெயில் கணக்குக்குள் புகுந்திருக்கிறான். அதில் பெயர்ப்பட்டியல் இருந்திருக்கிறது. போனில் நாம் யாரை எப்படிப் பதிந்து வைக்கிறோமோ, அதே பெயர் மெயிலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அவன் பட்டியலை அப்படியே எடுத்து, அதிலிருக்கும் ஆளுக்கு அதிலிருக்கும் இன்னோர் ஆள் பெயரில் அனுப்பியிருக்கிறான். பெயரைத் திருத்த அவனுக்குத் தமிழ் தெரியாது.

எல்லாரும் ஆளை அடையாளம் வைக்கிறோம். கேஸ் முருகன், பால் அக்கா, கரண்ட் ஆபீஸ். தப்பில்லை. ஆனால் எங்களை இப்படி அடையாளம் வைத்தது யார்?

சாயங்காலம் பள்ளி விட்டதும் சண்முகத்தாய் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பீட்டர் சாரும் வந்திருந்தார். நீளமான மனிதர், விசில் கழுத்திலேயே தொங்கும். அவர் மெயிலைத் திறந்து பார்த்தோம். 'நம்ம ஸ்கூல் சண்முகத்தாய் தமிழ் விதவை.' டீச்சர் தலையை ஆட்டினார். "எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கானே" என்றார்.

"எனக்கு என்ன போட்டிருக்கு?" என்றார் பீட்டர் சார்.

"வேணாம் சார்."

"சொல்லும்மா."

"தண்ணி."

விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார். "விட்டு நாலு வருசமாச்சு செல்வி. மாசாமாசம் சர்ச்சுல எந்திரிச்சு நின்னு சொல்றேன். கைதட்டுறாங்க." பிறகு, "எவன் அவன்?" என்றார்.

அவர் பெட்டியிலேயே பதில் இருந்தது. அதே விளம்பரம், அனுப்பியவர் பெயர் 'வீட்ல'. இன்னொன்று 'மாப்ள சிவகாசி'. மனைவியை 'வீட்ல' என்று பதிந்து வைத்திருக்கும் ஆண். மருமகன் சிவகாசியில் இருக்கும் ஆள். பள்ளியை 'நம்ம ஸ்கூல்' என்று சொல்லும் ஆள்.

"பிரின்ஸ்பல்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லார் பேருலயும் மெயில் வந்திருக்கு சார்" என்றேன். "ஒரே ஒருத்தர் பேருல மட்டும் வரல."

சண்முகத்தாய் டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "டாக்டர் பட்டம் வாங்குனாரே" என்றார் மெதுவாக.

ஜூன் 18, புதன்

எளிதாக இல்லை. இதை வெளியே காட்டினால் தாளாளர் மட்டும் அம்பலமாக மாட்டார். எங்கள் ஒவ்வொருவர் முதுகிலும் அவர் ஒட்டியதும் சேர்ந்துதான் தெரியும். அதனால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டோம்: உங்களுடையதைக் காட்டலாமா?

ஹிந்தி மிஸ் கதவைப் பாதி திறந்து, "எனக்கு என்ன போட்டிருந்தாலும் தெரிய வேணாம், பிளீஸ்" என்று சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஜோதிலட்சுமி டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஓடிவந்தவன்னு போட்டா என்ன? ஓடித்தான் வந்தேன். அதுல அவருக்கு என்ன மூச்சு வாங்குது?" என்றார். ஆக மொத்தம் ஏழு பேர் சரி என்றார்கள்.

"ஏழுல நீயும் உண்டா?" என்று சண்முகத்தாய் டீச்சர் கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நான்காவது தாளில் என் கையெழுத்துத்தான் பாக்கி. அது எதற்கான தாள் என்று இந்த டைரிக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 20, வெள்ளி

வேலாயுதம் அண்ணன் போன் செய்தார். "செல்வி, இந்தப் புரொஜெக்டர் வயர எதுலம்மா சொருகணும்? நாளைக்கு ஐயா திரையில பேசணுங்கிறாரு. காலைல இருந்து நீலமாவே இருக்கு."

"நான் வந்து போட்டுத் தர்றேண்ணே" என்றேன்.

ஜூன் 21, சனி

ஜெயித்துவிட்டோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஹால் நிறையப் பெற்றோர். முன்வரிசையில் தாளாளரின் மனைவி கனகமணி அம்மாள், பள்ளியின் பொருளாளர், பட்டுப்புடவையில். மேடையில் தாளாளர், பின்னால் 'டாக்டர்' போட்ட பேனர். நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். வயரைச் சொருகியதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. நான்காவது தாள் பைக்குள் இருந்தது.

தாளாளர் ஒழுக்கம் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். "தப்பு செஞ்ச டீச்சர் இங்கயே இருக்காங்க. அவங்க வாயாலயே கேளுங்க. நாம மன்னிக்கத் தெரிஞ்சவங்க" என்று மைக்கை என் பக்கம் நீட்டினார்.

வாங்கினேன். திரையில் முத்துராக்கு காட்டிய அதே மெயில். பெயரைத் தொட்டதும் கீழே குப்பை முகவரி விரிந்தது.

"இது என் மெயில் இல்ல. நீங்களும் உங்க போன்ல பேரத் தொட்டுப் பாருங்க. பேரு யாரு வேணும்னாலும் போடலாம். அட்ரஸ்தான் வீடு."

ஹால் முழுக்கத் தலைகள் போனுக்குள் குனிந்தன. "ஆமாப்பா, என்னமோ எக்ஸு இசட்டுன்னு இருக்கு" என்று ஒரு குரல். தாளாளர், "போதும்மா, மன்னிப்பக் கேளு" என்றார்.

"பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டுக் கேக்குறேன் ஐயா."

அடுத்த படம். போனில் மூன்று புள்ளியாகத் தெரிந்தது, திரையில் ஆள் உயரத்துக்கு.

நானே படித்தேன். "நம்ம ஸ்கூல் மாரிச்செல்வி கம்ப்யூட்டர் காலனி."

காலனியிலிருந்து வந்த பெற்றோர் பின்வரிசையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் யாரும் குனியவில்லை.

"நான் காலனிதான். அது என் வீடு இருக்கிற எடம். பாடம் நடத்துறதுக்கு அது எதுக்கு?"

பீட்டர் சார் எழுந்தார். திரையைப் பார்த்து, வகுப்பில் வருகைப் பதிவு சொல்வது போல, "நம்ம ஸ்கூல் பீட்டர் விளையாட்டு தண்ணி" என்றார். "ஆஜர்." சண்முகத்தாய் டீச்சர் எழுந்தார். "தமிழ் விதவை. ஆஜர்." ஜோதிலட்சுமி டீச்சர், "சயின்ஸ் ஓடிவந்தவ, ஆஜர்!" ஏழு பேர் முடிந்ததும் எட்டாவதாக ஒரு நாற்காலி நகரும் சத்தம். ரெஜினா மேடம், மேடை மேலேயே எழுந்து நின்றார். "தலையாட்டி" என்றார். "இனிமே ஆட்டமாட்டேன்." ஹிந்தி மிஸ் உட்கார்ந்தேதான் இருந்தார், ஆனால் கைதட்டினார்.

"இதெல்லாம் அந்த வெளிநாட்டுக்காரன் எழுதுனது!" என்று தாளாளர் கத்தினார். "எனக்கென்ன சம்பந்தம்?"

கடைசிப் படத்தைப் போட்டேன். 'வீட்ல.'

முன்வரிசையில் கனகமணி அம்மாள் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"ஏங்க, இது நம்ம போனுல நீங்க எனக்குப் போட்டு வச்சதுல்ல? போன் வாங்குன அன்னிக்கே சண்ட போட்டேன்ல, எனக்கு ஒரு பேரு கிடையாதா, கனகமணின்னு போடுங்கன்னு! இன்னும் மாத்தலையா நீங்க?"

ஹால் வெடித்தது. சிரிப்பு கூரை வரை போனது. தாளாளருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏய், என் போன்ல நான் என்ன வேணா போட்டு வச்சிருப்பேன்! அதக் கேக்க நீங்க யாரு?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்தது. சண்முகத்தாய் டீச்சர் ரொம்ப மரியாதையாகத் திரும்பி, "வேலாயுதம், ஐயா சொன்னத அப்படியே கூட்டக் குறிப்புல எழுதிக்கப்பா. வார்த்த மாறாம" என்றார். வேலாயுதம் அண்ணன் எழுதினார். அவர் பெயர் 'நம்மாளு' என்று இருந்ததை நான் திரையில் போடவில்லை. பிறகு தனியாகக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

முத்துராக்கு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எம் பேருலயும் போயிருக்காம்ல. என்னமோ பின்னால ஒட்டியிருக்குன்னாங்க. என்னது?"

"எட்டு பி முத்துராக்கு வாய்."

"வாயா?" மேடையைப் பார்த்தார். "வாய்தான்யா. இப்பப் பாரு அந்த வாய!" என்று ஆரம்பித்தவர் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. போகும்போது என்னிடம், "தப்பா நெனச்சுக்காதம்மா, தொடச் சொன்னப்பவே தொட்டிருக்கணும்" என்றார். 'தப்பா நெனச்சுக்கிட்டேன் சார்' என்று சொன்னேன். சொல்லாமல் விட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நான்காவது தாளை எட்டாகக் கிழித்தேன்.

ஜூன் 23, திங்கள்

காலை எட்டே முக்கால். வருகைப் பதிவேடு மேசை மேல் திறந்திருந்தது. பத்தொன்பது பேரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. எல்லாரும் பச்சை பீரோவுக்கு முன்னால் நின்றோம். ஹிந்தி மிஸ்ஸும்தான். ரெஜினா மேடம், "பிள்ளைக பிரேயர்ல நிக்கிறாங்க ஐயா. நீங்க தொறந்ததும் நாங்க கிளாஸுக்குப் போயிருவோம்" என்றார். வெளியே முத்துராக்குவின் வாய் கேட்டுக்கொண்டிருந்தது. கூட அதுமாதிரி முப்பது வாய்.

தாளாளர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். எங்களைப் பார்க்கவில்லை. வேலாயுதம் அண்ணன் திறந்தார்.

பழைய ரப்பர் பேண்டுகள் பிசுபிசுத்து உறையோடு ஒட்டியிருந்தன. அண்ணன் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். சண்முகத்தாய் டீச்சருடையது பதினேழு வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. பிரித்து, தன் பி.எட். சான்றிதழில் இருந்த போட்டோவைக் காட்டினார். ரெட்டைச் சடை. "இது யாருடி, அழகா இருக்கா?" என்றார்.

என்னுடையது எட்டுத் தாள். எண்ணிப் பார்த்தேன். எலி கடிக்கவில்லை.

டீ வந்தது. என் முன்னால் பேப்பர் கப் இறங்குவதற்குள் தட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை நானே எடுத்துக்கொண்டேன். சூடு விரலைச் சுட்டது. வைக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மதுரை. வரிசையில் நான்கு மணி நேரம். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசியில் சாதிச் சான்றிதழ். அதில் என் சாதி முழுதாக, முத்திரையோடு இருக்கிறது. நான் கூசவில்லை. அந்தத் தாள் எனக்கு ஓர் இடத்தைத் திறந்துவிட எழுதியது. தனுஷ்கோடி எழுதியது என் இடத்தைக் காட்ட.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார் அதிகாரி. பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பால் குடித்தேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தாய்ங்களா?" என்று கேட்டார். "போட்டுக் குடுத்தாங்கப்பா." "அப்ப நம்பலாம்" என்றார்.

ஜூன் 30, திங்கள்

ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போனேன். கதவில் 'டாக்டர்' உரித்த இடத்தில் பசைத் தடம். பீரோ திறந்தே கிடந்தது, உள்ளே பழைய ஷீல்டுகள்.

தாளாளர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். "அந்தப் பேரெல்லாம் அழிச்சிட்டேன்" என்றார். "எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஒனக்குத் திருப்தியா? போ."

மாற்றியிருக்கலாம். மாற்றாமலும் இருக்கலாம். நான் கணினி படித்தவள், சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். என் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன்.

மேசை மேல் அவர் போன் அடித்தது. திரை வெளிச்சமாகி எழுத்து வந்தது. நான் குனிவதற்குள் உள்ளங்கையை அகல விரித்து அதன் மேல் வைத்துவிட்டார். கைக்குக் கீழே போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் கையைப் பார்த்தேன். அடித்து அடித்து நின்றது.

மறுபடியும் அழுத்தினேன்.

"கையை எடுங்க ஐயா. எனக்கு இப்ப என்ன பேரு போட்டிருக்கீங்கன்னு பாக்கணும்."